நாற்பது நாள் கணக்கும் நாலு நாள் கணக்கும்

திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூர், பொதக்குடி, அத்திக்கடைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வளரும் பெண்பிள்ளைக்கு உடம்பு முடியைப் பற்றிய முதல் பாடம், வயதுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கிடைத்துவிடுகிறது. சொல்பவர் அம்மாவாக இருப்பார். இல்லையென்றால் பெரியம்மா, அல்லது கல்யாணமான அக்கா. கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, இரண்டே வரியில் முடித்துவிடுவார்: "அக்குள்லயும் கீழயும் முடி வளர விடக்கூடாது. நாப்பது நாளத் தாண்டவே கூடாது." எதை வைத்து எடுப்பது, வெட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றெல்லாம் அந்தப் பாடத்தில் இருக்காது. கேட்கவும் கூச்சம், சொல்லவும் கூச்சம்.

இரண்டாவது பாடம் இன்னும் சில வருஷம் கழித்து வருகிறது. அதை யார் தொடங்கினார்கள் என்று சொல்ல முடியாது. வகுப்புத் தோழி ஒருத்தி மேலுதட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள். கைபேசியில் வழுவழுப்பான கால்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, கையில மட்டும் முடி கொஞ்சம் ஜாஸ்தி" என்று காரில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த வாரமே பெண் பியூட்டி பார்லரில் உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே விஷயம்போலத் தெரியும்: பெண் என்றால் உடம்பில் முடி இருக்கக் கூடாது. கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஊர், வயது, நோக்கம் எல்லாமே வேறு. முதல் பாடம் பதினான்கு நூற்றாண்டு பழையது. இரண்டாவதற்கு, இப்போதிருக்கும் வடிவில், நூற்றுப் பத்து வயதுதான்.

முதலாவதைப் பார்ப்போம். இஸ்லாமிய மரபில் மனித இயல்போடு சேர்ந்த தூய்மைச் செயல்கள் என்று சில உண்டு, ஃபித்ரா என்பார்கள். புகாரி, முஸ்லிம் இரு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ள அறிவிப்பில் ஐந்து வருகின்றன: கத்னா (சுன்னத்து) செய்வது, மறைவிட முடியை மழிப்பது, மீசையைக் கத்தரிப்பது, நகம் வெட்டுவது, அக்குள் முடியைப் பிடுங்குவது. நாற்பது நாள் என்ற எல்லை, நபித்தோழர் அனஸ் அவர்கள் வழியாக வரும் இன்னொரு அறிவிப்பில் இருக்கிறது. இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மறைவிடமும் அக்குளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் கணவனுக்கும் அதே நாற்பது நாள்தான், வீட்டிலிருக்கும் மனைவிக்கும் அதே நாற்பது நாள்தான். இரண்டுமே துணிக்குள் இருக்கும் இடங்கள். ஊரார் பார்த்துச் சொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை. வியர்வையும் அழுக்கும் தங்கும் இடத்தைச் சுத்தமாக வை என்பதுதான் அதன் சாரம்.

கை, கால் முடியைப் பற்றி அந்த ஐந்தில் ஒரு சொல்லும் கிடையாது. முகத்தைப் பற்றி மட்டும் தனி விவாதம் உண்டு. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அவர்கள் வழியாக வரும் அறிவிப்பு ஒன்று, அழகுக்காக முக முடியைப் பிடுங்குவோரைக் கண்டிக்கிறது. புருவத்தை வில்லாக்கலாமா கூடாதா என்று பயான் எனப்படும் மார்க்கச் சொற்பொழிவுகளில் அடிக்கடி கேள்வி வருவது இதனால்தான். அதே சமயம், பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதை எடுப்பதில் குற்றமில்லை, எடுப்பதே நல்லது என்று 13-ஆம் நூற்றாண்டு அறிஞர் நவவி எழுதியிருக்கிறார். தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலான ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மரபிலும் இதற்கு இடம் கொடுத்த அறிஞர்கள் உண்டு. ஆக, மார்க்கம் கட்டாயமாகச் சொன்ன இடங்கள் யாரும் பார்க்காதவை. ஊர் கட்டாயப்படுத்தும் இடங்களோ எல்லோரும் பார்ப்பவை. மார்க்கம் அவற்றில் சிலதைப் பற்றிப் பேசவே இல்லை, சிலதில் கையைக் கட்டுகிறது. இந்த முரண்பாட்டைப் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் நன்றாகவே அறிவாள்.

இனி, பார்லர் வருவதற்கு முன்னால் காவிரி டெல்டாவில் என்ன இருந்தது?

தொட்டிலிலிருந்தே தொடங்கியிருக்கிறது. பெண்குழந்தை பிறந்து சில வாரம் ஆனதும், கடலை மாவையோ பயத்தம் மாவையோ பாலாடையில் குழைத்து உருண்டையாக்கி நெற்றியிலும் முதுகிலும் கையிலும் உருட்டும் பழக்கம் பல வீடுகளில், எல்லா மதத்தாரிடமும், இருந்தது, இப்போதும் இருக்கிறது. உருட்ட உருட்ட பூனைமுடி மாவோடு ஒட்டிக்கொண்டு வரும், பாட்டிக்குத் திருப்தி. கருவில் இருக்கும்போது குழந்தையின் உடம்பைப் போர்த்திய மெல்லிய முடி அது. பிறந்த சில வாரங்களில் தானாகவே உதிர்ந்துவிடும். மாவு உருண்டை செய்த வேலை என்று பாட்டி நினைத்ததைக் காலம் எப்படியும் செய்திருக்கும். குழந்தையின் தோல் உரிந்து சிவப்பதுதான் மிச்சம். ஆண்குழந்தைக்கு இந்த உருட்டல் இவ்வளவு சிரத்தையாக நடப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மஞ்சள். தினமும் மஞ்சள் பூசிக் குளித்தால் முகத்தில் முடி முளைக்காது என்பது இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அனேகமாகச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட உண்மை. குழம்பு மஞ்சள் முடியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் மஞ்சள் குடும்பத்தையே ஒதுக்கிவிடவும் முடியாது. குர்குமா ஏருஜினோசா என்ற மஞ்சள் இனத்தின் எண்ணெயை அக்குளில் தடவிப் பார்த்த தாய்லாந்து ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. முடி வளரும் வேகம் குறைந்தது என்பது அதன் முடிவு. ஆண் ஹார்மோன் முடிவேரில் செய்யும் வேலையை அந்த எண்ணெயிலுள்ள சில பொருட்கள் தடுக்கின்றன என்கிறார்கள். இன்னும் சுவையானது கோரைக்கிழங்கு. நடவு முடிந்த வயலில் களையெடுப்பவர்கள் சபித்துக்கொண்டே பிடுங்கும் அதே கோரையின் கிழங்கு, நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குள் போகிறது. கோரைக்கிழங்கு எண்ணெயை அக்குள் முடிக்குப் பயன்படுத்தி, லேசரோடு ஒப்பிட்ட ஆய்வு எகிப்திலிருந்து 2014-இல் வந்திருக்கிறது. முடிவு சாதகமாகவே இருந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள். வடித்தெடுத்த எண்ணெயை வைத்துச் செய்தவை. குளியல் பொடியை இரண்டு நிமிஷம் பூசிக் கழுவுவதும் அதுவும் ஒன்றாகாது.

மூன்றாவது பிளேடு. இதைப் பற்றி எந்தப் பாட்டி வைத்தியப் புத்தகமும் பேசாது. டோபாஸ், பனாமா, பாரத் என்று ஆண்களுக்காக வாங்கிய பிளேடில் பாதியை உடைத்து, குளியலறைச் சுவரில் எங்கேயாவது செருகி வைத்துக்கொள்வார்கள். ரேசர் கிடையாது, கண்ணாடி கிடையாது, சில வீடுகளில் விளக்கும் சரியாகக் கிடையாது. நாற்பது நாள் கடமையைப் பல பெண்கள் இப்படித்தான் நிறைவேற்றினார்கள். வெட்டுக்காயமும் கொப்பளமும் வந்தால் தேங்காயெண்ணெய். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையில் இந்த விஷயத்தில் இருந்த ஒரே வேறுபாடு, வெளிநாட்டுப் பணம் வந்த வீட்டில் பிளேடு முழுசாக இருந்தது என்பதுதான். தமிழ் முஸ்லிம் பெண்களின் உடம்பையும் இப்படிப்பட்ட வீட்டுக்குள் பேச்சையும் மறைக்காமல் எழுத்தில் வைத்தது சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. 2004-இல் வந்த நாவல். அதற்கு முன் இந்தப் பேச்சு அச்சுக்கு வந்தது அபூர்வம்.

முடியைக் கரைக்கும் மருந்துகூட நமக்குப் புதிதில்லை. சுசுருத சம்ஹிதை புண்ணுக்குச் செய்யும் அறுபது சிகிச்சை முறைகளில் முடி நீக்குவதையும் ஒன்றாகச் சேர்க்கிறது. அதற்கான கலவை, சங்கைச் சுட்ட சுண்ணாம்பும் அரிதாரமும். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். துருக்கியின் ஹமாம் என்ற பொதுக் குளியல் கூடங்களில் பெண்கள் பூசிக்கொண்டதும் இதே அரிதாரம், இதே சுண்ணாம்பு. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். காரமும் கந்தகச் சேர்மமும் சேர்ந்தால் அந்தப் பிணைப்புகள் அறுந்து, முடி கூழாகிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொட்டிகளில் ஆட்டுத்தோலிலிருந்து ரோமத்தை எடுப்பதும் சுண்ணாம்பும் சல்ஃபைடும்தான். இன்று குழாயில் விற்கும் கிரீமில் ஆர்சனிக் கிடையாது. தயோகிளைக்கோலேட் என்ற உப்பு அந்த வேலையைச் செய்கிறது. கிரீமைத் திறந்ததும் அடிக்கும் அந்த நாற்றம் கந்தகத்தின் நாற்றமே. தோலும் கெரட்டின்தான் என்பதால், அட்டையில் போட்டிருக்கும் நிமிஷத்தைத் தாண்டி வைத்திருந்தால் முடியோடு தோலும் வெந்துபோகும்.

ஆக முடி எடுக்கும் வழி எப்போதும் இருந்திருக்கிறது. எந்த முடியை, எதற்காக என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெண்ணைத் தலைமுதல் பாதம்வரை பாடும் நம் பழைய கேசாதிபாத வருணனைகளைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கும். பெண்ணின் தொப்புளிலிருந்து மேலேறும் மெல்லிய முடிவரிசையைப் புலவர்கள் அழகின் அடையாளமாகப் பாடினார்கள். எறும்பு வரிசை என்றும் இன்னும் பலவாகவும் உவமை தேடினார்கள். இன்று அதே கோட்டை மேக்கப் கலைஞர் முதல் வேலையாக எடுத்துவிடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈரானின் அரண்மனைப் பெண்களின் ஓவியங்களில் மேலுதட்டின்மேல் மெல்லிய மீசைக் கோடு தீட்டியிருக்கும். அப்போதைய அழகு அது. அதே ஈரானில், கல்யாணத்தின்போதுதான் முதன்முதலாக நூலால் பெண்ணின் முக முடியை எடுப்பார்கள். நூல் பட்ட முகம் என்றால் மணமான முகம். இன்று கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து செய்துகொள்ளும் திரெட்டிங்கின் ஒரு பழைய உறவு அங்கே இருக்கிறது.

இரண்டாவது பாடம் பிறந்த இடம் அமெரிக்கா. 1871-இல் டார்வின், மனித இனத்தின் உடம்பு முடி குறைந்ததற்குத் துணை தேடும் விருப்பமும் ஒரு காரணம் என்று எழுதினார். முடி மிகுந்த பெண் என்றால் பரிணாமத்தில் பின்தங்கியவள் என்ற அர்த்தத்தை அவர் காலத்து மருத்துவர்கள் அதிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். அதுவரை அங்கே முகத்தில் முடி வளர்ந்த பெண்கள்தான் கவலைப்பட்டார்கள். அக்குளும் காலும் துணிக்குள் இருந்தன. 1915-இல் கையில்லாத உடைகள் வந்தபோது ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்றே ஒரு ரேசரை விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழில் அக்குள் முடியை ஒரு குறையாகக் காட்டும் விளம்பரம் வந்தது. 1920-களில் பாவாடை முழங்காலுக்கு ஏறியது. 1942-இல் நைலான் முழுவதும் போருக்குப் போய்விட்டதால் காலுறை கிடைக்கவில்லை. வெறுங்கால்கள் வெளியே வந்தன, கூடவே கால் முடியும் ஒரு பிரச்சினையாக வெளியே வந்தது. கிறிஸ்டின் ஹோப் என்ற ஆய்வாளர் 1982-இல் அந்தக் காலத்துப் பெண்கள் பத்திரிகை விளம்பரங்களை வரிசையாக எடுத்து வைத்து இந்த மாற்றத்தை விளக்கினார். ஒரு தலைமுறைக்குள், யாருக்கும் தோன்றாத ஒரு கவலை எல்லாப் பெண்களின் கவலையும் ஆகிவிட்டது. இதற்கு நடுவில், 1920-களில் 'ட்ரைக்கோ' என்ற பெயரில் எக்ஸ்ரே கதிரை முகத்தில் பாய்ச்சி முடியை உதிர்க்கும் கடைகள் அமெரிக்க நகரங்களில் நடந்தன. வலியில்லை என்று போன பெண்களுக்குப் பல ஆண்டு கழித்துத் தோல் சுருங்கிப் புற்றுநோய் வந்தது. ரெபெக்கா ஹெர்சிக் 2015-இல் எழுதிய 'பிளக்ட்' என்ற புத்தகம் அந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது.

அந்தப் பாடம் வெண்ணாற்றுப் பாசனத்து ஊருக்கு எப்படி வந்தது? நேராக வந்த வழியும் உண்டு. கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. மலேயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று மூன்று தலைமுறை ஆண்கள் போய் வந்த ஊர் இது. பவுடர், சென்ட், கோடாலித் தைலத்தோடு பெட்டிக்குள் கிரீமும் ரேசரும் வந்தன. சுற்றி வந்த வழி பத்திரிகையும் டிவியும். 'ஆன் பிரெஞ்ச்' கிரீம் விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. அதற்குப் பிறகு பியூட்டிஷியன் பயிற்சி முடித்த பெண்கள் வீட்டு முன்னறையிலேயே பார்லர் திறந்தார்கள். பெண்கள் மட்டும் வந்துபோகும் இடம் என்பதால், பர்தா அணியும் பெண்களுக்கு அது ஒரு சந்திப்பிடமாகவும் ஆனது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சொந்தமாக ஒரு தொழிலும், ஆண் நிழல் படாத ஒரு அறையும் ஊருக்குள் கிடைத்தது சின்ன விஷயமில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். கை தெரிவதால், கால் தெரிவதால்தான் முடி எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், உடம்பு முழுக்க மூடிப் போகும் பெண்ணுக்கு அந்தக் கவலை எதற்கு? மறுபக்கம், ஊருக்கு வெளியே வயலில் முழங்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்று நடும் பெண்ணின் கால் ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரிகிறதே; அவளிடம் யாரும் வழுவழுப்பு கேட்டதில்லையே. ஆக, தெரிகிறதா இல்லையா என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, யார் மதிப்பிடுகிறார்கள் என்பது. பர்தாவுக்குள் இருக்கும் கையை மாமியாராக வரப்போகிறவரும் நாத்தனாராக வரப்போகிறவரும் பார்க்கிறார்கள். வழுவழுப்பான கை, வெயில் படாத, வேலை செய்யாத, வசதியான வீட்டுக் கை என்று வாசிக்கப்படுகிறது. பெண் பார்க்கும் சந்தையில் நிறத்துக்கு இருக்கும் இடம் இப்போது முடிக்கும் கிடைத்திருக்கிறது.

பெண்ணின் முடியை ஊர் தன் கணக்கில் வைத்துக்கொள்வது இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான். நூறாண்டுக்கு முன் இதே தஞ்சை ஜில்லாவின் பிராமண வீடுகளில், கணவன் செத்தால் பெண்ணின் தலைமுடியை மழித்துவிடுவார்கள். நாவிதர் மாதாமாதம் வந்துபோவார். நீடாமங்கலம் பக்கத்து ரிஷியூர்க் குடும்பத்தில் பிறந்து, குழந்தையிலேயே விதவையான ஆர்.எஸ். சுப்பலட்சுமிக்கு மொட்டை அடிக்க வேண்டாம் என்று வீட்டார் முடிவெடுத்தார்கள். 1911-இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்து விதவைப் பட்டதாரியாகி, பிறகு இளம் விதவைகளுக்கான இல்லத்தைச் சென்னையில் தொடங்கியவர் அவர். அன்று விதவையின் தலைமுடியை எடுக்கச் சொன்ன காரணம், அவள் அழகாகத் தெரியக் கூடாது என்பது. இன்று எடுக்கச் சொல்வது, அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. எடுக்கச் சொல்லும் குரல் இரண்டு இடத்திலும் வெளியிலிருந்துதான் வருகிறது. 2024-இல் உத்தரப் பிரதேசப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநில முதலிடம் பிடித்த மாணவியின் படம் வெளியானபோது, அவள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு மேலுதட்டு முடியைக் கேலி செய்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை.

இனிக் கொஞ்சம் உடம்பைப் பற்றி. பெண்ணுக்கும் ஆணுக்கும் முடிவேர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பிறப்பதற்கு முன்பே அது தீர்மானமாகிவிடுகிறது. பருவம் வந்ததும் டெஸ்டோஸ்டிரோன் முடிவேரில் இன்னும் வீரியமான வடிவமாக மாறி, நிறமற்ற பூனைமுடியைக் கறுத்த தடித்த முடியாக மாற்றுகிறது. பெண் உடம்பிலும் இந்த ஹார்மோன் குறைந்த அளவில் உண்டு. யாருக்கு எங்கே எவ்வளவு கறுக்கும் என்பது பரம்பரையைப் பொறுத்தது. நம் பக்கத்துப் பெண்களுக்குக் கையிலும் மேலுதட்டிலும் முடி தெரிவது பெரும்பாலும் நோய் இல்லை. சீனத்துப் பெண்ணுக்குத் தெரியாததும் ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை.

மழித்தால் முடி தடித்து வளரும் என்பது ஊரெங்கும் நிலைத்த நம்பிக்கை. 1928-இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூற்றியலாளர் அளந்து பார்த்து, மழிப்பதால் தடிமனும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை என்று எழுதிவிட்டார். முடியின் நுனி இயற்கையில் ஊசிபோல் மெலிந்திருக்கும். பிளேடு அதைக் குறுக்கே வெட்டுவதால், நாலு நாளில் மொட்டையான அடிப்பாகம் வெளியே வருகிறது, தொட்டால் சொரசொரக்கும். வேர் தோலுக்குள் அப்படியே இருக்கிறது, பிளேடு வந்துபோன சேதியே அதற்குத் தெரியாது. வாக்சிங், திரெட்டிங் இரண்டும் வேரோடு இழுப்பதால் மூன்று நான்கு வாரம் தாங்கும்.

சில சமயம் முடி ஒரு செய்தி சொல்ல வருகிறது. அதைத்தான் நாம் பார்லரில் அழித்துக்கொண்டே இருக்கிறோம். தாடை, கன்னம், மார்பு, தொப்புளுக்குக் கீழே என்று ஆணுக்கு முளைக்கும் இடங்களில் தடித்த முடி வருகிறது, மாதவிலக்கு தள்ளிப் போகிறது, பரு நிற்கவில்லை என்றால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கலாம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாமலே இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். குரல் தடித்து, சில மாதத்துக்குள் திடீரென்று முடி பெருகினால் உடனே பார்க்க வேண்டும்; அபூர்வமாக, சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் மகப்பேறு பிரிவில் இதைக் காட்டலாம். கல்யாணம் ஆகாத பெண் அந்தப் பிரிவு வாசலில் உட்கார்ந்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று தயங்கும் அம்மாக்கள் உண்டு. தோல் நோய்ப் பிரிவில் தொடங்கினாலும் சரியான இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பிரசவத்துக்குப் போகும்போது மழித்துக்கொண்டு போக வேண்டும் என்பது இன்னொரு எழுதாத சட்டம். வலி எடுத்த பிறகு குனிய முடியாத வயிற்றோடு பிளேடைத் தேடுகிறார்கள். "சுத்தமா இல்லைன்னா நர்சு திட்டுவாங்க" என்ற பயம். சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தன் 2018 பரிந்துரைகளில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அறுவை சிகிச்சை என்றாலும் பிளேடு கூடாது. முடி உண்மையிலேயே இடைஞ்சலாக இருந்தால் கிளிப்பரால் கத்தரிக்கலாம் என்பது 2016-இல் வந்த பரிந்துரை. பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடுகிறது, கிருமி அதன் வழியாக நுழைகிறது. நாற்பது நாள் கணக்கைக் கடைப்பிடிப்பவர்கள் ஒன்பதாம் மாதத்தில் டிரிம்மரைப் பயன்படுத்துவது நல்லது. தோலைத் தொடாமல் கத்தரிக்கும் எளிய டிரிம்மர்கள் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன.

எடுப்பது என்று முடிவு செய்தவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரு வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே ரேசரைப் பயன்படுத்துவது பரவலான வழக்கம். ஹெபடைடிஸ் பி பரவ அது போதும். தோலை ஈரமாக்கி, சோப்பு நுரை போட்டு, முடி சாயும் திசையிலேயே இழுத்தால் கொப்பளம் குறையும். மறைவிடத்தில் கிரீம் போடும் முன் அட்டையைப் படியுங்கள். பல கிரீம்கள் அந்த இடத்துக்கானவை அல்ல. லேசர் கறுப்பு நிறத்தைத் தேடிப் போய்ச் சுடும் கருவி. வெள்ளைத் தோலில் கறுத்த முடி அதற்கு எளிது. நம் தோலிலும் நிறமி நிறைய இருப்பதால் தோலும் சுடுபடலாம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. எந்தக் கருவி, இயக்குவது தோல் மருத்துவரா என்று கேட்டுவிட்டே படுக்க வேண்டும். தெற்காசியப் பெண்கள் சிலருக்கு முகத்தில் லேசர் பட்ட பிறகு முடி கூடுதலாக வளர்வதும் உண்டு. பணம் வாங்கும் முன் இதைச் சொல்லும் கடைகள் குறைவு. பிசிஓஎஸ் இருந்தால் மாத்திரையும் உடற்பயிற்சியும் இல்லாமல் லேசரை மட்டும் நம்புவது வீண்செலவு.

கல்யாணப் பெண்ணுக்கு முதல்முறையாக வாக்சிங் செய்வதை மருதாணி போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன் முழங்கைக்குக் கீழே சின்ன இடத்தில் செய்து பாருங்கள். தடிப்போ சிவப்போ வந்தால் கையை அப்படியே விட்டுவிடுங்கள். மருதாணி நன்றாகத்தான் சிவக்கும்.